தெற்கு சூடானுக்கு லாரி வேண்டாம்

கம்பாலாவில் இருக்கும் தமிழ் அன்பர்களுக்கு,

வணக்கம். தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் சேர்த்து ஒரு லாரி அனுப்புவது என்று போன கூட்டத்தில் முடிவானதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் லாரி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜூபாவில் ஆறு வருஷம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்த்தவன் நான். இதே யோசனை எனக்கும் ஒருமுறை வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து முந்நூறு பைகள் அனுப்பினோம். ஆவணம் சரியில்லை என்று உகாண்டாவைத் தாண்டியதும் வரும் நிமுலே எல்லையில் சரக்கு பதினெட்டு நாள் நின்றது. நின்ற நாட்களுக்கு லாரிக்காரருக்குக் கொடுத்த வாடகை, பைகளின் விலையையே தாண்டிவிட்டது. ஒருவழியாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறாம் வகுப்புக்கு வாத்தியார் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கொன்யோ கொன்யோ சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனேன். நாங்கள் கொடுத்த நீலப் பைகளில் ஏழு, கயிற்றில் வரிசையாகத் தொங்கின. விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அந்த வீடுகளுக்கு வேண்டியிருந்தது சோள மாவு.

அங்கே பள்ளி முடங்கிக் கிடப்பதற்கு முதல் காரணம் வாத்தியார் சம்பளம். 2011 ஜூலை 9 அன்று பிறந்த நாடு. 2013 டிசம்பரில் ஜூபாவிலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. 2018-இல் சமாதான ஒப்பந்தம் ஆனது, கஜானா மட்டும் தேறவே இல்லை. அரசு வருமானத்தில் பெரும்பகுதி எண்ணெயில் வருவது. அந்த எண்ணெய் சூடான் வழியாகக் குழாயில் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் குழாய் உடைந்தது. வாத்தியார் சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. இதற்கு ஒரு வருஷம் முன்புதான் அரசுப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது என்று அதிபர் அறிவித்திருந்தார். நல்ல அறிவிப்புதான். ஆனால் பல பள்ளிகளில் வாத்தியார் கைக்குப் போய்க்கொண்டிருந்த சில்லறை அந்தக் கட்டணத்திலிருந்து வந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் உஸ்தாஸ் (வாத்தியாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலையில் கணக்குப் பாடம் எடுப்பார், மத்தியானம் போடா போடா (வாடகை மோட்டார் சைக்கிள்) ஓட்டுவார். சாக்பீஸை மூன்றாக உடைத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. வீட்டில் கையிருப்பு தீர்ந்த நாளில் காலையிலேயே சவாரிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் சுமந்து வந்து, மாமரத்தடியில் போட்டு உட்கார்ந்து, வாத்தியார் வருகிறாரா என்று பார்த்துவிட்டு, திரும்பவும் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மரத்தடி என்றதும் தகரக் கொட்டகை போட்டுத் தரலாமே என்று சிலர் சொல்வீர்கள். 2024 மார்ச்சில் வெயில் 45 டிகிரி வரை போகும் என்று நாடு முழுக்கப் பள்ளிகளை மூடினார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியிலும் மூடினார்கள். தகரத்துக்கு மாமரமே தேவலை.

சரி, வேறு என்னதான் செய்யலாம்? 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடக்கப்பள்ளி வாத்தியார்களுக்கு மாதம் 40 டாலர் ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்தது. அதே கணக்கை வைத்துப் பாருங்கள்: ஆறு வாத்தியாருக்கு ஒரு வருஷத்துக்கு 2,880 டாலர். லாரி வாடகை, சுங்கம், வழிச்செலவு எல்லாம் கூட்டினால் நாமும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்போம். பெற்றோர் சங்கத்தில் மூன்று பேர் கையெழுத்தோடு பணம் போகட்டும். தலைமையாசிரியர் ஒருவர் கையில் மட்டும் வேண்டாம். மாதாமாதம் வருகைப் பதிவேட்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்வோம். ஆசைப்பட்டு 100 டாலர் என்று ஏற்றிவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளி வாத்தியார்கள் எல்லாரும் நாம் பணம் கொடுக்கும் பள்ளிக்கு வந்துவிடுவார்கள், அந்தப் பள்ளி காலியாகும்.

மிச்சம் இருந்தால் பெண் பிள்ளைகளுக்கு. பெண்ணுக்குச் சீராக மாப்பிள்ளை வீட்டார் மாடு கொடுக்கும் ஊர் அது. வறட்சியிலும் வெள்ளத்திலும் மாடு போன குடும்பத்துக்கு வயசுக்கு வந்த மகள் எப்படித் தெரிவாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பணத்தில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டம், ஐந்தாம் வகுப்பு முதல் படிக்கும் பெண்களுக்குப் பணத்தை நேரடியாகக் கொடுத்தது. நாம் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் இருபது பெண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மதியச் சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? ஆனால் அது நம் கைக்கு மீறிய செலவு, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அப்புறம் ஒன்று. சூடான் போருக்குப் பயந்து ரெங்க் என்ற எல்லைப்புற ஊர் வழியாகத் தெற்கு சூடானுக்கு வந்தவர்களில், கார்ட்டூமில் அரபியில் ஏழாவது வரை படித்த பிள்ளைகளும் உண்டு. தெற்கு சூடானில் பாடம் ஆங்கிலத்தில். மீசை அரும்பிய பையன் ஏ பி சி டி எழுதும் பொடிசுகளோடு உட்கார வெட்கப்பட்டு நின்றுவிடுகிறான். எட்டு வருஷத் தொடக்கப் படிப்பை நாலு வருஷத்தில் முடிக்கும் வகுப்புகள் அங்கே இருக்கின்றன. அரபியும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு வாத்தியாரை அந்த ஆறு பேரில் சேர்த்துவிட்டால் இவனும் வருவான்.

சேர்த்து வைத்திருக்கும் பைகள் வீணாக வேண்டாம். இங்கே உகாண்டாவிலேயே, யும்பேயில் பிடிபிடி அகதிகள் குடியிருப்பில் இருப்பவர்களும் தெற்கு சூடான் பிள்ளைகள்தான். எல்லையும் இல்லை, சுங்கமும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு உஸ்தாஸ் அனுப்பிய பதிவேட்டுப் படங்களோடு வருகிறேன். லாரிக்காரருக்கு முன்பணம் இன்னும் போகவில்லை என்றால், அதுவரை கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்