அட்டை கிடைக்காத பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அடையாள அட்டை வழங்கும் மருத்துவ முகாம் பற்றிய செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதுகளிலும் 60 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கேட்கும் திறன் இழப்பாவது இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு. 40, 50 டெசிபல் இழப்புள்ள பிள்ளை அட்டை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறது. ஒலி கேட்டும் இரைச்சலில் சொல்லைப் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கோ, வழக்கமான சோதனை 'சரி' என்றே காட்டிவிடும்.

மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமப் பள்ளியில் நான் பணியாற்றியபோது, ஒரு சிறுவன் 'மாடு' என்று சொன்னால் 'பாடு' என்று எழுதுவான். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, மீன்பாடு (வலையில் கிடைக்கும் மீன்) நினைப்பு என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, என் உதட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். இரண்டு சொல்லுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தகரக் கூரை அதிரும் நாள்களில் எனக்கே கடைசி வரிசைப் பேச்சு கேட்காது. கடலோரப் பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் காதுப் பரிசோதனை செய்து, தேவைப்படுவோருக்கு அட்டை இல்லாவிட்டாலும் முன்வரிசையில் இடம் தரவும், கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்லாதிருக்கவும் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மண்டபம்