கடலைக் காட்டவில்லை என்ற புகார் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்னைப் பாரிமுனையின் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே நாங்கள் கூட்டிப் போகும் காலை நடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்காவது அந்தக் குரல் பதிவு வந்து சேர்ந்திருக்கும். "துறைமுகப் பகுதி நடை என்று பணம் வாங்கிக்கொண்டு, கடலைக்கூடக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒருவர் பேசியிருக்கிறார். எனக்கே மூன்று பேர் அனுப்பிவைத்தார்கள். வேறு எந்தக் குறையைச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற சொல்லைக் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

கடல் தெரியாது என்பது உண்மைதான். ராஜாஜி சாலையில் நின்றால் கிழக்கே துறைமுகத்தின் மதில் தெரியும், அதற்கு மேலே கிரேன்கள் தெரியும். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. பதிவு செய்யும்போதே இதை எல்லோருக்கும் எழுதி அனுப்புகிறோம்.

ஆனால் நாம் கூடும் இடத்தையே யோசித்துப் பாருங்கள். பீச் ஸ்டேஷன் வாசல். அங்கே பீச் எங்கே இருக்கிறது? பெயர் வைத்த காலத்தில் இருந்தது. ராஜாஜி சாலைக்குப் பழைய பெயரே ஃபர்ஸ்ட் லைன் பீச். அன்று கப்பல்களால் கரையை நெருங்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் நம் ஊர்ப் படகுக்காரர்கள். துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870களில். 1881இல் அடித்த புயல் பாதி வேலையைச் சிதைத்துப் போட்டது, திரும்பவும் கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர்களில் தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கித் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டு போனது.

உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல்தூண் நிற்கிறதே, அது 1844 முதல் எரிந்த கலங்கரை விளக்கம். பிறகு 1894இல் விளக்கை நீதிமன்றக் கோபுரத்துக்கே மாற்றி, 1977 வரை அங்கேதான் எரித்தார்கள். கடலோரம் இல்லாத இடத்தில் யாராவது விளக்கு வைப்பார்களா? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த இடத்தில், அதே வளாகத்தின் மதிலில் கல்வெட்டு இருக்கிறது. "அவன் சரியான எம்டன்" என்று நாம் இன்னும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். இதையெல்லாம் காட்டத்தான் கூட்டிப் போகிறோம். கடலை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் மெரினாவுக்குப் போக யாருக்கும் நம் துணை வேண்டியதில்லை.

சரி, எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷமாக நடை நடத்திய தம்பி வைகாசியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அன்று வந்தது புதுப் பையன். வெயில் ஏறுகிறதே என்ற பதற்றத்தில் படகுக் கதையையும் விளக்குக் கதையையும் சொல்லாமலே ஆர்மேனியன் தெருவுக்குக் கூட்டிப் போய்விட்டான். 1772இல் கட்டிய அந்த ஆர்மேனிய தேவாலயம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடலின் கதை தெரியாமல் பார்த்தால், ஆர்மேனிய வணிகர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பதே புரியாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பதிவில் பேசியவர் இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பணம் வேண்டாம், நானே கூட வருகிறேன்.

அந்தப் பதிவைக் கேட்டதும் எங்களுக்காக வரிந்து கட்டிக்கொண்டு பதில் எழுதிய உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கார்த்திகை மழையில் குடையோடு வந்து நின்றவர்கள் நீங்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், நான் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிடங்கின் இடத்தை, கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் திருத்தினார். அவர் சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறோம். தம்பு செட்டித் தெருவில், காளிகாம்பாள் கோயில் வாசலில், பூக்கூடையை நகர்த்தி நமக்கு வழி விடும் அக்காவும் உங்களைத்தான் விசாரிக்கிறார்.

அப்புறம், அடுத்த மாதம் முதல் கட்டணம் 450 ரூபாய்க்குப் பதில் 600, புதன்கிழமை நடை இப்போதைக்கு இல்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு பீச் ஸ்டேஷன் வாசலில் நானே நிற்பேன். தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் காலை நடை உரிமையாளர்