மாப்ளே, அந்த 55 ஆயிரம் பற்றி

தருமபுரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வைகாசி முகூர்த்தம் என்பதால் கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல். பெங்களூரா மாங்காயை இந்த வருஷம் கூழ் ஆலைக்காரர்கள் கேட்கிற விலையைப் படித்தபோது வயிறு எரிந்தது. அதற்கு நடுவில் பையன் டிவியில் மாட்டி ஆடுகிற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் பெட்டி கேட்கிறான், அதே 55 ஆயிரத்துக்குக் கம்ப்யூட்டராக வாங்கிவிடலாமா என்கிறாய்.

முதலில் என் கதை. 2024-இல் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் அரை நாள் அலைந்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 30 ஆயிரம் பக்கம். மானிட்டர், கீபோர்டு சேர்த்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. வீட்டுக்காரியிடம் சொன்ன தொகை வேறு, அதை விடு. அந்த வருஷம் ஏப்ரலில் பிஎஸ்5 ஸ்லிம் இங்கே வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் 54,990, டிஸ்க் இல்லாதது 44,990. டிவி உன் வீட்டில் இருக்கிறது. இப்போது ராம் விலை வேறு கூடிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கே சிப்பெல்லாம் போகிறது என்று கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். ஆக, 55 ஆயிரத்துக்குள் பிஎஸ்5-க்கு ஈடாக ஒரு கம்ப்யூட்டர் கட்ட முடியாது.

அப்படியானால் நான் ஏமாந்தேனா என்றால், இல்லை. என் கம்ப்யூட்டர் பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் போட்டுச் சம்பாதிக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அது விளையாட்டுச் சாமான். உன் பையனிடம் படிப்புக்கு லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு கம்ப்யூட்டர் பகலில் என்ன செய்யும்?

பெட்டி விலையோடு செலவு முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்5-க்குப் புதிதாக வரும் பெரிய கேம் பல 4,999. இலவச கேம்கள் தவிர மற்றதை ஆன்லைனில் கூட்டாளிகளோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தா வேறு கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா கிடையாது. கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015-இலிருந்தே ரூபாயில் விற்கிறது, தள்ளுபடி நாளில் பழைய கேம்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் ஸ்டீமில் வாங்கியதைத் திருப்பி விற்க முடியாது. டிஸ்க்கை விற்கலாம். ஆடி முடித்து 2,500-க்குத் தள்ளிவிட்டாலும் நாலே டிஸ்க்கில் ரெண்டு மாடலுக்கும் உள்ள பத்தாயிரம் வித்தியாசம் திரும்பிவிடும். அதனால் டிஸ்க் மாடலையே வாங்கு, ஓசூர், பெங்களூர் பக்கம் பழைய டிஸ்க் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நாம் டிவி கேமில் '9999 இன் 1' கேசட் வாங்கி, உள்ளே அஞ்சே கேம் திரும்பத் திரும்ப வந்ததும், ஓடாவிட்டால் வாயால் ஊதி ஊதிச் செருகியதும் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கே பேரம் பேசத் தெரியாதவர்கள் நாம்.

கரண்ட் விஷயத்தில் என் அனுபவம் கசப்பு. மழைக்கு முன் காற்றடித்தாலே இங்கே கரண்ட் போய்விடும். கடையில் கிடந்த 600 விஏ யுபிஎஸ், கேம் ஓடும்போது லோடு தாங்காமல் ஒரு தடவை கத்திவிட்டு அணைந்தது. பெரிதாக இன்னொன்று வாங்கினேன். பிஎஸ்5 பெரிய கேமில் 200 வாட் அளவில் இழுக்கும். தினம் ரெண்டு மணி நேரம் என்றால் ரெண்டு மாதத்துக்கு 24 யூனிட். பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் பையனிடம் கேட்டுக்கொள். அவன் கூட்டாளிகள் ஆடுவது கவுன்டர் ஸ்டிரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் அது பிஎஸ்5-இல் இல்லவே இல்லை. நான் சொன்னது அத்தனையும் தலைகீழாகிவிடும். கிரிக்கெட், கார் ரேஸ், கதை கேம் என்றால் யோசிக்காமல் பிஎஸ்5. கதை கேம்கள் பல முதலில் அங்கேதான் வருகின்றன. ஜிடிஏ 5 என்ற கேம் அப்போதைய பிஎஸ்3-இல் 2013-இல் வந்தது, கம்ப்யூட்டருக்கு வர 2015 ஆயிற்று. ஆனால் உன் வீட்டில் டிவி ஒன்றுதான். சீரியல் நேரத்தில் என்ன நடக்கும் என்று தங்கச்சியிடம் கேட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. என் மெஷினில் ஆடிப் பார்க்கட்டும். ஆலைக்காரனுக்குக் கொடுக்கிற மாங்காயில் ஒரு கூடையை இந்தப் பக்கம் தள்ளு.

உன் பழைய கூட்டாளி