வுழூ நீரை அளந்து கற்கும் பிள்ளைகளுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

அட்டாளைச்சேனையில் எமது பள்ளிவாசலோடு இணைந்து இயங்கும் அஹதிய்யா எனும் ஞாயிறு மார்க்கப் பாடசாலையில், நீரை வீண்விரயம் செய்யலாகாது என்ற பாடத்தைப் பிள்ளைகள் பல வருடங்களாக மனனமிட்டு ஒப்புவித்து வந்துள்ளனர். ஒப்புவித்த கையோடு குழாயை முழுவதும் திறந்துவிட்டு, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூவைச் செய்தும் வந்துள்ளனர். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் என்பதால், அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை.

ஆகவே இவ்வருடம் அப்பாடத்தை ஒரு செயற்றிட்டமாக மாற்றினோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ எனும் அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவே முத்து. ஷாபிஈ மத்ஹப் எனும் மார்க்கச் சட்ட வழியின் கணக்கில் அது முக்கால் லீற்றருக்கும் குறைவானது. மௌலவி அள்ளிக் கொடுத்த அரிசியைச் சாடியில் கொட்டி அவ்வளவைக் குறித்துக்கொண்ட மாணவர்கள், பின்னர் குழாயின் கீழ் பேசின் ஒன்றை வைத்து, ஒருவர் வுழூச் செய்து முடித்ததும் தேங்கிய நீரை லீற்றர்ப் போத்தலால் அளந்தார்கள். ஆறாவது போத்தலும் நிரம்பியபோது, அதைக் கையில் வைத்திருந்த மாணவன், “மௌலவி, இது எத்தனை பேருக்குக் காணும்?” என்று கேட்டான். அந்தக் கணக்கை அவர்களே போட்டுக் கரும்பலகையில் எழுதினார்கள். அது இன்னும் அழிக்கப்படவில்லை.

கச்சான் எனும் வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிணற்று நீர்மட்டம் இறங்குவதை அறிந்த நாம், வுழூச் செய்தபின் வடிகானில் ஓடும் நீரை மணலும் சரளையும் இட்ட தொட்டியினூடாக வடித்து, பள்ளிவாசல் வளவில் வாழையும் முருங்கையும் வளர்க்க விரும்புகிறோம். சவர்க்காரம் கலவாத நீர் என்பதால் வடிப்பது இலகு. தொட்டி கட்டுவது மட்டுமே மேசனின் வேலை. அளப்பதும், பதிவதும், நடுவதும் மாணவர்களுடையவை.

அடுத்த தவணையில் குப்பையைத் தரம்பிரித்துப் பசளையாக்கும் வேலை தொடங்கும். எமது அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் மடிந்த செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. எமது மாவட்டத்துப் பிள்ளைகள் அதை அயலூர்க் கதையாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது.

தொட்டிக்கும், பீவீசீ குழாய்களுக்கும், அமுக்கினால் மட்டும் நீர் வரும் குழாய்களுக்கும், அளவைச் சாடிகளுக்குமாக 185,000 ரூபா தேவைப்படுகிறது. கட்டாயக் கொடையான ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆன் (9:60) வரையறுத்திருப்பதால், ஸகாத் பணத்தை இதற்குத் தர வேண்டாம்; விரும்பித் தரும் தர்மமான ஸதகாவாக மட்டும் தாருங்கள். சீமெந்து, சரளை, மரக்கன்று என்பவற்றைப் பொருளாகவும் ஏற்போம். ஜும்ஆவுக்குப் பின் குழுவின் பொருளாளரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் இடப்படும்.

இவ்வண்ணம்,
அஹதிய்யா சுற்றாடல் செயற்றிட்டக் குழுவினர்,
அட்டாளைச்சேனை.