பற்றரியைத் தலைகீழாகப் பூட்டியது யார்? பாவித்த பாப்-அப் கேம்பர் தொடர்பான முறைப்பாடு

பெறுநர்: முகாமையாளர், பாவித்த கேம்பர் விற்பனைப் பிரிவு

பொருள்: உங்கள் கராஜ் 'பிழை எதுவும் இல்லை' என்று எழுதித் தந்த கேம்பரின் 12 வோல்ற் மின்சாரம்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரம் தமிழில் வந்தது. விற்பனையாளர் தமிழில் கதைத்தார். பணம் கட்டிய மறுநாளிலிருந்து உங்கள் தொலைபேசி மட்டும் ஆங்கிலத்தில் 'ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்' என்று ஓதத் தொடங்கிவிட்டது. இடையில் ஒரே ஒரு தமிழ்க் குரல் வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்லாமல் விடப்போவதில்லை. இந்தக் கடிதத்தை வாசிக்கத் தமிழ் தெரிந்த ஒருவராவது உங்களிடம் இருப்பார். விற்கும்போது இருந்தாரே.

ஏப்ரலில் உங்களிடம் வாங்கிய 2006ஆம் ஆண்டு பாப்-அப் கேம்பர், அதாவது வாகனத்தின் பின்னால் இழுத்துப் போய் விரிக்கும் கூடார ட்ரெய்லர், பற்றரி மின்சாரத்தில் ஒரு நிமிடம்கூட வேலை செய்ததில்லை. வெளி மின்சாரத்தில் செருகினால் எல்லாம் எரியும். கேபிளைக் கழற்றினால் ஒரு சின்ன விளக்குக்கூட மினுங்காது. கடை முற்றத்தில் உங்கள் விற்பனையாளர் 30 அம்பியர் கேபிளைச் செருகிவிட்டுத்தான் ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டுக் காட்டினார். விளக்கு எரிந்தது, தண்ணீர்ப் பம்ப் இரைந்தது, ஹீற்றரின் விசிறி சுழன்றது. "புதுப் பற்றரி போட்டுத் தருகிறோம், இரண்டு இரவு தாராளமாகத் தாங்கும்" என்றார். அந்தக் கேபிளை ஒரே ஒரு தடவை கழற்றிக் காட்டியிருந்தால் நானும் உங்களுக்குக் கரைச்சல் தந்திருக்கமாட்டேன், நீங்களும் என் கோடைகாலத்தை நாசமாக்கியிருக்கமாட்டீர்கள்.

விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்கு ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவில், மியூ லேக் முகாமில் இடம் எடுத்திருந்தோம். அங்கே முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். மின் இணைப்புள்ள இடங்கள் கைக்கு எட்டவில்லை. பற்றரிதான் இருக்கிறதே என்று இணைப்பில்லாத இடத்தை எடுத்தோம். மே மாத இரவில் அங்கே என்ன குளிர் என்று கேம்பர் விற்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயு சிலிண்டர் நிறைந்திருந்தது. ஆனால் ஹீற்றரின் விசிறிக்கும் அதைப் பற்றவைக்கும் மின்பலகைக்கும் 12 வோல்ற் வேண்டுமே! என் மாமியார் கம்பளிக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் மேசை விரிப்பு என்று சுற்றிக்கொண்டு விடிய விடிய நல்லூர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கால் இன்னும் சரியாகவில்லை. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. காலையில் வெளியே வந்தால் கறுப்பு ஈக்கள். வழியில் 12 வோல்ற்றில் ஓடவேண்டிய குளிர்சாதனப் பெட்டி ஓடவே இல்லை. நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் ஆட்டிறைச்சிக் கறியும் நண்டும் போய்விட்டன. நண்டு என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும்தானே?

இருட்டில், கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, உங்கள் அவசர சேவை இலக்கத்தை அழைத்தேன். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு அந்தத் தமிழ்க் குரல் வந்தது. மனம் குளிர்ந்தேன். வெளி மின்சாரம் இல்லாதபோது பியூஸ் பெட்டிக்கு மின்சாரம் வரவில்லை என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் சொன்னார்: "அக்கா, கூட ஆண்கள் யாராவது வந்திருந்தால் போனைக் கொடுங்கள், விளங்கப்படுத்துகிறேன்."

ஐயா, நான் மார்க்கம் நகரில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் பல வருடம் பிழை பார்த்தவள். என் கணவருக்குப் பல்ப் மாற்றவே பயம். அதை அவரே ஒப்புக்கொள்வார். இருந்தாலும் மரியாதைக்குத் தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். அந்தத் தம்பி அவருக்குச் சொன்ன உயர்ந்த தொழில்நுட்ப ஆலோசனை, சுவிச்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னது. "எந்தச் சுவிச்சை?" என்று கணவர் கேட்டார். "எல்லாவற்றையும்" என்றாராம். போட்டோம். பிறகு "பழைய சாமான் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். உங்கள் உரையாடல்கள் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்களே, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாராவது கேட்க வேண்டி வரும்.

அதன் பிறகு உங்கள் ஒஷாவா கராஜ். வெள்ளிக்கிழமை மாலை 401 நெடுஞ்சாலையில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தால், உங்கள் ஆள் என்ன செய்தார்? திரும்பவும் அதே கேபிளைச் சுவரில் செருகினார். விளக்கு எரிந்தது. 'பிழை எதுவும் இல்லை' என்று எழுதி, 189 டொலரும் 13 சதவீத வரியும் வாங்கிக்கொண்டார். பற்றரிப் பெட்டியின் மூடியைத் திறக்கவே இல்லை. இன்னொரு தடவை வரச் சொன்னீர்கள், வந்தோம், படலை பூட்டியிருந்தது. மெக்கானிக் விடுமுறையாம். வெளி மின்சாரத்தை 12 வோல்ற்றாக மாற்றிப் பற்றரியையும் சார்ஜ் செய்யும் கொன்வேட்டரைச் செய்த நிறுவனத்தைக் கேட்டால் விற்றவரைக் கேள் என்கிறார்கள். உங்களைக் கேட்டால் செய்தவரைக் கேள் என்கிறீர்கள்.

கடைசியில் நானே மல்ரிமீற்றரை எடுத்தேன். பற்றரியின் இரு முனைகளுக்கிடையில் 12.5 வோல்ற். நல்லது. வெளி மின்சாரம் இல்லாமல் பியூஸ் பலகையில் பார்த்தால் பூச்சியம். கேபிளைச் செருகினால் பலகையில் 13.6, அதாவது கொன்வேட்டர் உயிரோடு இருக்கிறது. அப்போது பற்றரி முனையிலும் 13க்கு மேல் காட்ட வேண்டும். அங்கே அதே 12.5, அசையவே இல்லை. இரண்டுக்கும் இடையில் வழி அறுந்திருக்கிறது என்று இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்? பலகையைத் திறந்தேன். பற்றரியை முனை மாற்றிப் பூட்டினால் கொன்வேட்டரைக் காப்பதற்காக வைத்திருக்கும் அந்த இரண்டு 30 அம்பியர் பியூஸ்களும் எரிந்திருந்தன. நீங்கள் விற்கும் சாமான், அவை எதற்கு இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாததா?

பிறகு பற்றரிப் பெட்டி. கறுப்புக் கம்பி மைனஸ் முனையில், வெள்ளைக் கம்பி பிளஸ் முனையில், வடிவாக இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது. காரில் கறுப்பு மைனஸ்தான். கேம்பரில் வழக்கமாகக் கறுப்புத்தான் பிளஸ், வெள்ளை மைனஸ். கார் பழக்கத்தில் பூட்டியிருக்கிறார்கள். ஊகம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் இடையில் மீற்றரை வைத்தேன், கீச்சென்றது, அதாவது இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. சட்டத்தோடு சேரும் கம்பி பிளஸ் முனைக்குப் போகலாமா? புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். புதுப் பற்றரி பூட்டியதற்கான கூலி உங்கள் பற்றுச்சீட்டில் தனி வரியாக இருக்கிறது. அதற்கும் நான் பணம் கட்டியிருக்கிறேன்!

இழுவைக்காக என் வான் வண்டியின் மின்சாரத்தைக் கேம்பருக்குக் கொண்டுபோகும் ஏழு முனைப் பிளக்கைச் செருகியபோது வானின் சார்ஜ் பியூஸும் போனது ஏன் என்று இப்போது விளங்குகிறது. அதைவிடப் பெரியது ஒன்று. எரிவாயு கசிந்தால் அலறவேண்டிய கருவியும் இதே 12 வோல்ற்றில்தான் ஓடுகிறது. காட்டுக்குள், குழந்தைகளும் வயதானவர்களும் படுத்திருந்த கூடாரத்துக்குள், அந்தக் கருவி செத்துக் கிடந்தது. ட்ரெய்லர் ஓட்டத்தில் கழன்றால் அவசர பிரேக்கைப் பிடிக்க வைப்பதும் இந்தப் பற்றரிதான். சார்ஜ் ஏறாத பற்றரி எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? நான் கொலைக் குற்றச்சாட்டு வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பெரிய தூரமும் இல்லை.

எரிந்த பியூஸ்களை மாற்ற எனக்குத் தெரியாமல் இல்லை, சில டொலர் வேலை. சாட்சியாக அப்படியே வைத்திருக்கிறேன்.

ஆகவே தயவுசெய்து, உங்கள் செலவில் ஒரு மெக்கானிக்கை என் வீட்டுக்கு அனுப்புங்கள். நான் இனி ஒஷாவாவுக்கு எதையும் இழுத்து வரமாட்டேன். கொன்வேட்டரையும் ஹீற்றர் மின்பலகையையும் சோதித்து, கெட்டிருந்தால் மாற்றித் தாருங்கள். இத்தனை வாரம் சார்ஜ் ஏறாமல் கிடந்த பற்றரி எனக்கு வேண்டாம், புதியது வேண்டும். 189 டொலரும் வரியும் திரும்பி வர வேண்டும், முகாம் கட்டணமும், நண்டும். அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம், என் கணவரிடம் அல்ல.

'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வரியை ஒப்பந்தத்தில் காட்டுவீர்கள் என்று தெரியும். பழைய கேம்பரை உள்ளபடி விற்றீர்கள், சரி. பற்றரி பூட்டியது நீங்கள் செய்த சேவை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மாகாண அரசிடம் போவதற்கு முன் வியாபாரிக்கு எழுத்தில் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்திருக்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அங்கேயும், சிறு உரிமைகோரல் நீதிமன்றத்திலும் இதே புகைப்படங்களைக் கொடுப்பேன். ஸ்காபரோவில் தமிழ் வானொலிகளுக்கும் பஞ்சமில்லை.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. விற்பனையாளர் தங்கமான பிள்ளை, தேநீர்கூடத் தந்தார். நல்ல முடிவை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்காபரோ வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தப் பிரதி, பற்றுச்சீட்டுகள், புகைப்படங்கள்

பின்குறிப்பு: சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். வருகிறவர் மல்ரிமீற்றர் கொண்டுவரட்டும். கராஜில் ஒன்று இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், என்னுடையதைச் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.