சைக்கிள் பயணமும் பிள்ளையளின்ர ஃபோனும் – பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்,

இந்தத் தவணையும் முடியப்போகுது, நாள் போனதே தெரியேல்லை. பேச்சுப்போட்டியில எங்கட பிள்ளையள் நல்லாச் செய்தவை, வாசிப்புப் பரீட்சை எழுதின எல்லாருக்கும் பாராட்டுகள், கலைவிழாவில ஆடின பாடின பிள்ளையளுக்கும் மினக்கெட்டுப் பழக்கின ரீச்சர்மாருக்கும் நன்றி, நூலகப் புத்தகம் ஆரின்ர வீட்டிலயும் இருந்தா வாற சனிக்கிழமை குடுத்துவிடுங்கோ.

இனி எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிற சைக்கிள் பயணம். ஜூலை முதல் ஞாயிறு இங்கிலாந்தின்ர பீக் டிஸ்ட்ரிக்ட் போறம். 1951ல இந்த நாட்டின்ர முதலாவது தேசியப் பூங்காவா வந்த இடம் அதுதான். மலையும் பள்ளத்தாக்குமான இடமெண்டாலும் நாங்கள் ஓடப்போறது மொன்சல் ட்ரெயில், முந்தி ரெயில் ஓடின பாதை, 1968ல ரெயிலை நிப்பாட்டினாப் பிறகு சுரங்கங்கள் கனகாலம் பூட்டிக் கிடந்து 2011ல தான் சைக்கிளுக்கும் நடக்கிற ஆக்களுக்கும் திறந்துவிட்டவை. முழுப்பாதையும் 8.5 மைல், நாங்கள் முழுக்கப் போகேல்லை, பேக்வெல்லில ஏறி மில்லர்ஸ் டேல் மட்டும் போய் அங்க சாப்பிட்டுட்டு அதே வழியால திரும்பி வாறம். ரெயில் போன பாதை எண்டபடியா செங்குத்தான ஏத்தம் இல்லை, போகேக்க மெல்ல மெல்ல ஏறும், வரேக்க இறக்கம், களைச்ச கால் திரும்பி வாறதுக்கு அது வசதி. மாம் டோர் மலைப் பக்கம் போகலாமே, வின்னற்ஸ் பாஸ் கணவாய் ஏறலாமே எண்டு ரெண்டு மூண்டு அப்பாமார் கேட்டவை. அது கார் ஓடுற றோட்டு, பழகின பெரியாக்களுக்கே மூச்சு வாங்கிற ஏத்தம், 10 வயசுப் பிள்ளையளை அங்க ஏத்த நான் சம்மதிக்கமாட்டன்.

இப்ப நான் இந்தக் கடிதம் எழுதின காரணத்துக்கு வாறன்.

போன ஞாயிறு கால்வாய்க் கரையில பயிற்சி ஓட்டம் வைச்சம் தானே. 16 பிள்ளையள் வந்தவை. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள 11 பிள்ளையளுக்கு வீட்டில இருந்து ஃபோன் கோல், சிலருக்கு மூண்டு நாலு தரம். ஒரு பிள்ளை சின்ன இறக்கத்தில வந்துகொண்டிருக்கேக்க ஜக்கெற் பொக்கெற்றுக்குள்ள ஃபோன் அடிச்சிது, இடது கையை விட்டிட்டு ஃபோனை எடுத்தது, முன்னுக்குப் போன பிள்ளை மெதுவாக்கினதும் வலது கையால பிறேக்கை இறுக்கிப் பிடிச்சிட்டுது. இந்த நாட்டுச் சைக்கிளில வலது கைப் பிறேக் முன் சில்லுக்கு, இடது கை பின் சில்லுக்கு. ரெண்டும் சேந்து பிடிச்சாத்தான் சைக்கிள் ஒழுங்கா நிக்கும், இறக்கத்தில முன் பிறேக்கை மட்டும் இறுக்கினா முன் சில்லு நிண்டிடும், ஓடுற ஆள் தலைக்குப்புற போகும். அப்பிடித்தான் நடந்தது. முழங்கையில தோல் உரிஞ்சு சல்லிக்கல் ஒட்டியிருந்தது, ஹெல்மெற்றின்ர முன்பக்கம் உரஞ்சிப்போச்சு, அந்த ஹெல்மெற் இல்லாட்டி என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்கவே எனக்கு ஏலாமல் கிடக்கு. நான் பிள்ளையைத் தூக்கி இருத்தேக்க புல்லுக்குள்ள கிடந்த ஃபோன் திரும்பவும் அடிக்குது. எடுத்தன். "சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கத்தான் அடிச்சனான் சேர்" எண்டு அம்மா.

அந்த அம்மாவில எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஃபோன் அடிச்சு எடுக்காட்டி நெஞ்சு பதறுற ஆக்கள் தான் நாங்கள் எல்லாரும், வெளியில போன பிள்ளை பொழுதுபட்டும் வரேல்லை எண்டு படலையில நிண்ட அம்மாமாரின்ர பிள்ளையள் நாங்கள், அந்தப் பயம் இஞ்ச வந்து இத்தினை வருசமாகியும் போகேல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா அண்டைக்குப் பிள்ளை விழுந்தது அந்தப் பயத்தால அடிச்ச கோலாலதான்.

மொன்சல் ட்ரெயிலில நாங்கள் போற தூரத்துக்குள்ள மூண்டு சுரங்கம் வரும், ஹெட்ஸ்டோன், கிரெஸ்புறூக், லிற்றன், ஒவ்வொண்டும் 400 மீற்றருக்கு மேல. உள்ளுக்குப் பகலில லைற் எரியும், எண்டாலும் மங்கல், குளிர், நடக்கிற ஆக்களும் நாயோட வாற ஆக்களும் அதுக்குள்ளதான். ஹெட்ஸ்டோன் சுரங்கத்தால வெளியில வந்த உடனே உயரமான பாலம், கீழ வை ஆறு, சரியான வடிவு, வெளிச்சம் கண்ணைக் கூசும், அந்த இடத்தில ஒரு பிள்ளை படம் எடுக்க ஃபோனை எடுத்துக்கொண்டு சடாரெண்டு நிண்டா பின்னால வாற ஏழெட்டுச் சைக்கிளும் ஒண்டுக்கு மேல ஒண்டா வந்து விழும். பள்ளத்தாக்குக்குள்ள கன இடத்தில சிக்னலும் இல்லை. நீங்கள் அடிக்க அடிக்கப் போகாது, போகாட்டி உங்களுக்கு இன்னும் பயம், பிறகு சிக்னல் வந்த இடத்தில எல்லா ஃபோனும் ஒரேயடியா அடிக்கத் தொடங்கும்.

ஆனபடியா முடிவு இதுதான். பேக்வெல்லில கோச் பஸ்ஸால இறங்கேக்க எல்லாப் பிள்ளையளின்ர ஃபோனும் ரீச்சரிட்ட வந்திடும், திரும்ப ஏறேக்க தான் குடுப்பம். ஸ்மார்ட் வோச்சுக்கும் இதுதான் சட்டம். ஆரேன் ஒளிச்சுக் கொண்டுவந்து பிடிபட்டா அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு சைக்கிள் ஓடாது, ஒரு ஆசிரியரோட நடந்துதான் வரும், அது ஆரின்ர பிள்ளையெண்டாலும் சரி, என்ர பேரப்பிள்ளை எண்டாலும் சரி. தயவுசெய்து "என்ர பிள்ளைக்கு மட்டும்" எண்டு ஒருத்தரும் என்னட்டை வரவேண்டாம். இதுக்குச் சம்மதம் இல்லையெண்டா படிவத்தில கையெழுத்துப் போடாதேங்கோ, கட்டின காசைத் திருப்பித் தாறம், மனஸ்தாபம் ஒண்டுமில்லை.

உங்களைத் தவிக்க விடவும் மாட்டம். புறப்படேக்க, மில்லர்ஸ் டேலில சாப்பிடேக்க, திரும்பி வந்து சேந்த உடனே எண்டு மூண்டு தரம் வட்ஸ்அப் குறூப்பில படத்தோட செய்தி போடுவம், சிக்னல் இல்லாட்டி கொஞ்சம் பிந்தும், பதறாதேங்கோ. ஒரு ரீச்சர் நாள் முழுக்க பேக்வெல்லிலயே நிப்பா, அவசரம் எண்டா அவவுக்கு அடியுங்கோ, நம்பர் படிவத்தில இருக்கு. படமும் நாங்களே எடுத்துத் தருவம். லிற்றன் மில் பக்கம் நிண்டு, ஒரு காலத்தில அநாதைப் பிள்ளையளைக் கொண்டுவந்து அந்தப் பஞ்சாலையில எப்பிடி வேலை வாங்கினவை எண்ட கதையைத் தமிழில சொல்லப்போறம், பின்னேரம் வீட்டில அதைக் கேட்டுப் பாருங்கோ, கதைக்க நிறைய இருக்கும்.

இன்னொண்டு, சொந்தச் சைக்கிள் கொண்டுவாற ஆக்கள் பிறேக் கட்டையை ஒருக்காப் பாருங்கோ. அண்டைக்கு வந்ததில ஒரு சைக்கிளில றப்பர் முழுக்கத் தேஞ்சு இரும்பு றிம்மில உரஞ்சிக்கொண்டு இருந்தது. சீற்றையும் பிள்ளையின்ர இப்பத்தை உயரத்துக்கு உயத்திவிடுங்கோ. வாடகைச் சைக்கிள் வேணுமெண்டா இந்தச் சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ, முன்கூட்டியே பதியவேணும். சுரங்கத்துக்குள்ள போட ஒரு சுவெற்றர், முன்னுக்கும் பின்னுக்கும் லைற், ரெண்டு போத்தில் தண்ணி.

அண்டைக்கு மழை தூறத்தூற ஒவ்வொரு ரயருக்கும் காத்தடிச்சுத் தந்த அப்பாமாருக்கும், விழுந்த பிள்ளையின்ர காயத்தைக் கழுவிக் கட்டின அந்த நேர்ஸ் அக்காவுக்கும், மீன் கட்லட் சுத்திச் சுத்தி எல்லாருக்கும் குடுத்த அம்மாமாருக்கும் மனமார்ந்த நன்றி. விழுந்த பிள்ளை இப்ப சுகம், தான் கட்டாயம் வருவன் எண்டு நேற்று வந்து சொல்லிப்போட்டுது, படிவத்தையும் முதல் ஆளாக் கொண்டுவந்து தந்தது அந்த அம்மாதான்.

கோச் காலமை 6 மணிக்கு வெளிக்கிடும்.

அன்புடன்,
தலைமை ஆசிரியர்