40 பாகையை 38 என்று காட்டும் சென்சர் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். ஒட்டுசுட்டானில் இறைச்சிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். உங்கள் வவுனியா கிளையில் வாங்கிய வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி பற்றிப் போனில் சொல்லியும் நேரில் வந்து சொல்லியும் களைத்துவிட்டேன். அதனால் எழுத்தில் தருகிறேன்.

பெட்டியில் பிழையில்லை. அதன் சென்சர் வயரை எலி கடித்தபோது, உங்கள் கிளையிலேயே காசு வாங்கிக்கொண்டு வேறு சென்சர் போட்டுத் தந்தார்கள். அன்று பிடித்த சனி இது. காலையில் சரியாகக் காட்டுகிறது, வெயில் ஏற ஏறக் குறைத்துக் காட்டுகிறது. 38 பாகையில் தண்ணீர் விசிற வேண்டும் என்று வைத்தால், கொட்டில் 40 ஆன பிறகுதான் மோட்டார் ஓடுகிறது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில், விற்கிற நிறைக்கு வந்த கோழிகள் கொட்டிலின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. தூக்கிய கையில் சூடு சுட்டது. என் பிழைப்பே அன்றோடு போய்விட்டது.

இதைச் சொல்லத்தான் போன் எடுத்தேன். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் சொன்ன பதில்: "அம்மா, வன்னி வெயிலுக்கு எந்த மெசினும் இப்பிடித்தான். நீங்கள் வெயிலுக்க தொங்கவிட்டிருப்பீங்கள்." நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். நேரடி வெயில் பட்டால் சென்சர் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. இதுகூடத் தெரியாத ஒருவரையா சென்சர் விற்கிற கம்பனி போனில் உட்கார்த்தி வைத்திருக்கிறது? என் சென்சர் ஓலை வேய்ந்த கூரைக்குக் கீழே, கோழியின் உயரத்தில் தொங்குகிறது.

பிறகு "கழற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். மாங்குளம் வந்து, பஸ் மாறி, A9 வீதியால் வவுனியா வந்தால், டெக்னீஷியன் லீவாம். வரச் சொன்னது நீங்கள்தானே! அன்று முழுக்கக் கொட்டிலில் சென்சரே இல்லை. மின்விசிறியை என் மகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்று போட்டு அணைத்தாள்.

சரி, நானே பார்த்துவிடுவோம் என்று, தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் மருமகனை வைத்துச் சோதித்தேன். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, பாதரச வெப்பமானியையும் உங்கள் சென்சரையும் சேர்த்து வைத்தோம். வெப்பமானி 0, உங்களது 3. 25 பாகைத் தண்ணீரில் இரண்டும் ஒன்று. 40 பாகையில் உங்களது 38. அப்புறம்தான் வயரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். பெட்டியில் 10 கே, பி 3950 என்று இருக்கிறது. 10 கே என்றால் 25 பாகையில் சென்சரின் மின்தடை 10 கிலோ ஓம்; பி என்பது சூடு மாற மாற அந்தத் தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண். நீங்கள் போட்ட சென்சரில் 10 கே, பி 3435. இரண்டும் 25 பாகையில் ஒரே தடையைக் காட்டும், அங்கிருந்து விலக விலகப் பிழையும் கூடும். உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் சாமான் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாற்றிப் போட்டீர்களா?

அந்தப் போன்காரர் ஒரு தடவை சீட்டை வாசிக்கச் சொல்லியிருந்தால் போதும். வன்னி வெயிலாம்! இந்த வெயிலுக்குத்தானே பெட்டியை விற்றீர்கள்?

தயவுசெய்து பெட்டிக்குப் பொருத்தமான சென்சரை உங்கள் செலவில், உங்கள் ஆளே வந்து பொருத்தி, என் கண்முன் ஐஸிலும் 40 பாகைத் தண்ணீரிலும் சோதித்துக் காட்ட வேண்டும். செத்த கோழிகளுக்கு நட்டஈடும் வேண்டும்; படங்களும் பற்றுச்சீட்டின் பிரதியும் இணைத்துள்ளேன். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதம் போகும். அதற்கு இடம் வைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். வருவதென்றால் மதியம் வரச் சொல்லுங்கள், காலையில் வந்தால் பிழை தெரியாது.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாடிக்கையாளர்